கோடித் துணியின் வேண்டாத வாடையை நீக்குவது எப்படி

கோடித் துணிக்கென்று ஒரு மணம் உண்டு. தீபாவளிக் காலையில், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணியைப் பெரியவர்கள் கையிலிருந்து வாங்கும்போது வருகிற அந்த மணம் பெரும்பாலும் பஞ்சும் கஞ்சியும் சேர்ந்தது. அதைப் போக்க யாரும் நினைப்பதில்லை. இக்கட்டுரை வேறு வகை வாடைகளைப் பற்றியது: மடிப்பைப் பிரித்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி, அச்சிட்ட துணியில் எழும் மண்ணெண்ணெய் வீச்சம், சுருங்காத சட்டைத் துணியின் மீன் கவிச்சி, கறுப்புத் துணியின் அழுகிய முட்டை நாற்றம், மழைக்காலத்தில் கிடங்கில் கிடந்த துணியின் பூசண வாடை, அந்துருண்டையின் காரம். மீட்டர் கணக்கில் துணி வாங்கி வீட்டிலேயே தைக்கத் தொடங்கியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆயத்த ஆடை வாங்குவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தையல் பழகிய தொடக்கக் காலத்தில் நைட்டி தைப்பதற்காக ஆறு மீட்டர் அச்சுப் பருத்தித் துணி வாங்கினேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வாசனைத் திரவம் கலந்த நீரில் ஒருமுறை அலசி, ஈரம் முழுவதும் காயுமுன்னரே இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, அன்றே வெட்டித் தைத்தும் முடித்தேன். அம்மா அதை உடுத்திய முதல் இரவிலேயே தலைவலி என்று கழற்றிவிட்டார். பிறகு நான்கு முறை துவைத்தபோதும் பூவாசனையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒன்று எஞ்சியே இருந்தது. காற்றில் போகவேண்டிய வாடையை நீரில் போக்க முயன்றதும், அது போகுமுன் அதன்மேல் வேறொரு வாசனையைப் பூசியதுமே நான் செய்த தவறு. வாடை எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்ட பின்னரே துணியை நனைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். கீழே வருவன எல்லாம் அந்த ஒன்றிலிருந்து விரிவனவே.

முதற்படி: வாடையை இனங்காணுதல்

கடையில் பல துணிகளின் நடுவே மூக்கு விரைவில் பழகிவிடும். ஆகவே அங்கே முகர்ந்து பார்த்ததை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் துணியின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, நாலைந்து சொட்டு வெந்நீர் தெளித்து, மூடியை இறுக்கி ஓரிரவு வையுங்கள். காலையில் வெளிக்காற்றில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் புட்டியைத் திறந்து முகருங்கள். மூடிய கலத்தில் வெப்பமும் ஈரமும் சேரும்போது துணி தன்னுள் அடக்கி வைத்திருப்பதையெல்லாம் வெளிவிடும். உடுத்தி வியர்க்கும்போது என்ன வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். துணிச் சோதனைக் கூடங்களிலும் ஏறத்தாழ இதே முறையில்தான் துணியை மூடிய கலத்தில் வைத்திருந்து, பிறகு சிலரை முகரச் செய்து மதிப்பெண் இடுகிறார்கள். வீட்டில் இன்னொருவரையும் முகரச் சொல்வது நல்லது. வாங்கியவரின் மூக்கு சற்றுப் பரிவோடு நடந்துகொள்ளும்.

அதே துண்டைக் கொண்டு சாயத்தையும் பார்த்துவிடலாம். துண்டை நனைத்து, வெள்ளைத் துணியின் நடுவே மடித்து அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் இனி வரும் ஊறவைப்புகளை அந்தத் துணிக்குத் தனி வாளியில், குளிர்ந்த நீரில், குறைந்த நேரத்துக்கு மட்டுமே செய்ய வேண்டும். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்றொரு வழக்கம் நம்மிடம் உண்டு. சாயப்பட்டறையில் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே சரியாகப் பிடிக்காமல் தங்கிவிட்ட சாயத்தை வீட்டு வாளியின் உப்பு பிடிக்க வைக்காது, வாடையையும் எடுக்காது.

இரண்டாம் படி: காற்றாட விடுதல்

எந்த வாடையானாலும், நீரில் இடுமுன் துணியை முழுதாகப் பிரித்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒரு நாளாவது தொங்கவிடுங்கள். கொடியில் இரட்டையாக மடித்துப் போட்டால் உள்மடிப்புக்குக் காற்றுப் போகாது; இரண்டு கொடிகளை இணையாகக் கட்டிக் கூடாரம் போல விரித்தால் இருபக்கமும் காற்றுப்படும். வெயிலில் போடலாமா என்பது துணியைப் பொறுத்தது. வெள்ளைப் பருத்திக்கு வெயில் நல்லது. அடர்நிறத்துக்கும் பட்டுக்கும் ஆகாது.

மண்ணெண்ணெய் வாடைக்கும் அந்துருண்டை வாடைக்கும் இந்தப் படிதான் உண்மையான மருந்து. நீரில் கரையாத நிறத்துகளைப் பசையால் துணியில் ஒட்டும் பிக்மென்ட் அச்சு முறையில் நிறக்குழம்பைக் கெட்டிப்படுத்த, மண்ணெண்ணெயை நீரோடு கடைந்த குழம்பு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அச்சிட்ட பின் துணியை 150 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சில நிமிடம் வாட்டும்போது மண்ணெண்ணெய் ஆவியாகி, நிறம் பசையோடு துணியில் படிந்து நின்றுவிட வேண்டும். வாட்டுவதில் நேரமோ வெப்பமோ குறைந்தால் மண்ணெண்ணெயின் கனமான பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. இத்தகைய துணியை இரண்டு மூன்று நாள் காற்றில் விட்டு, வாடை பாதிக்குமேல் இறங்கிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து அலச வேண்டும். எண்ணெய்த் தன்மை உடையது வெறும் நீரில் போகாது, சோப்பு வேண்டும். முதல் அலசலில் வேறு துணியைச் சேர்க்காதீர்கள், ஏனெனில் வாடை மற்றதற்கும் ஏறும். வாடை போகும்வரை அடுப்புக்கு அருகில் காயவைப்பதும் இஸ்திரி போடுவதும் கூடாது.

அந்துருண்டையின் நாப்தலின் திண்மத்திலிருந்து நேரே ஆவியாவது. நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். பத்து முறை துவைத்தும் போகாத அந்த வாடை, வெப்பமான மொட்டை மாடியில் நான்கு நாள் காற்றாடினால் தானே இறங்கிவிடும். குழந்தைத் துணியில் அந்துருண்டை வாடை இருந்தால் அதைச் சிறிய விஷயமாகக் கருதவே வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரக்கூடும். அந்துருண்டையோடு வைத்திருந்த துணிகளாலேயே அவ்வாறு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாடை முற்றிலும் நீங்கித் துவைத்த பிறகே அத்தகைய துணியைக் குழந்தையின் அருகில் கொண்டுசெல்ல வேண்டும். பிறந்த குழந்தையை, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, அந்துருண்டை படாத பழைய பருத்தி வேட்டியில் கிடத்துகிற நம் வீட்டு வழக்கம் இந்த வகையில் மிகப் பாதுகாப்பானது.

கண்ணைக் கரிக்கும் நெடியும் மீன் கவிச்சியும்

சுருங்காத துணி, இஸ்திரி வேண்டாத துணி என்று விற்கப்படும் பருத்தியிலும் பருத்திக் கலப்பிலும் இந்த இரண்டையும் காணலாம். பருத்தி இழைகள் ஈரத்தில் நெகிழ்ந்து சுருக்கம் விழாமல் இருக்க, அவற்றுக்கிடையே ஒரு பிசினைப் பாய்ச்சிப் பிணைக்கிறார்கள். அந்தப் பிசின்களில் பெரும்பாலானவை பார்மால்டிஹைடைக் கொண்டு செய்யப்படுபவை. பிணைப்பில் சேராமல் மிஞ்சிய பார்மால்டிஹைடே மூக்கையும் கண்ணையும் கரிக்கிறது. பிசினில் உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் காரத்தன்மையும் ஈரமும் சேர்ந்த நிலையில் சிதைந்தால் அமீன்கள் உண்டாகும். மீன் கவிச்சி அடிப்பது அவற்றால்தான்.

பார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அது பெரும்பாலும் பணியிடங்களில் நெடுநாள் சுவாசித்தவர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட முடிவு. துணியால் நமக்கு நேரக்கூடியது அநேகமாகத் தோல் ஒவ்வாமையே: கழுத்து, அக்குளின் ஓரம், தொடையின் உட்புறம் என்று துணி உரசி வியர்க்கும் இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். ஜப்பான் 1973இல் இயற்றிய சட்டத்தின் கீழ், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணியில் பார்மால்டிஹைடு ஏறக்குறைய இல்லை என்னும் அளவிலும், பெரியவர்களின் உள்ளாடையில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் உடலில் படும் துணிகளுக்குப் பொதுவாக அதே 75 மில்லிகிராம் வரம்பை 2020 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆயத்த ஆடையில், தீங்கான பொருள்கள் உள்ளனவா என்று துணியைச் சோதித்துத் தரும் ஓக்கோ-டெக்ஸ் சான்று அட்டை இருந்தால் இந்தப் பொருளுக்கான சோதனையும் அதில் அடங்கும். மீட்டர் துணியில் அத்தகைய அட்டை அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே துவைப்பதே நம் கையில் உள்ள வழி.

நல்வாய்ப்பாகப் பார்மால்டிஹைடு நீரில் எளிதில் கரையும். துணியை நிறைய நீரில், அதாவது ஒரு கிலோ துணிக்கு இருபது லிட்டர் என்ற அளவில், ஓரிரவு ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். குறைந்த நீரில் நெடுநேரம் வைப்பதைவிட, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுவது மிகுதியாகப் பயன் தரும். பிறகு சோப்புத்தூளில் துவைத்து அலசுங்கள். பட்டறையில் மிஞ்சிய நெடி இத்தோடு பெரும்பகுதி போய்விடும். மீன் கவிச்சியானால், சோப்பின் காரம் அதைக் கிளப்பிவிடும் என்பதால், கடைசி அலசலில் பத்து லிட்டர் நீருக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, வெள்ளை வினிகர் கலந்து இருபது நிமிடம் வைத்து, மீண்டும் நல்ல நீரில் அலச வேண்டும். வினிகரின் அமிலம் அமீனை உப்பாக மாற்றுகிறது. உப்பானது ஆவியாகாமல் நீரோடு போய்விடும். மீன் கழுவிய பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலைதான். ஆனால் புளியும் எலுமிச்சையும் கறை விடும், துணிக்கு வினிகரே சிறந்தது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பிசின் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து மீண்டும் சிறிதளவு பார்மால்டிஹைடை விடும் தன்மை உடையது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், துவைத்து மணமற்று இருந்த சட்டை ஒரு மாதம் பீரோவில் கிடந்து வெளியே வரும்போது மீண்டும் நெடி அடிப்பது இதனால்தான். அப்படிப்பட்ட துணியை உடுத்துமுன் ஒவ்வொரு முறையும் காற்றாட விடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் சுருங்காத துணியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வாங்கிய கையோடு துவைக்காமல் இஸ்திரி போடுவதும் தவறு, ஏனெனில் சூடு அந்த நெடியை நேரே முகத்துக்கு அனுப்பும்.

பிற வாடைகள்

கஞ்சியின் புளித்த வாடை மிக எளியது. நெசவில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அரிசி, மைதா, மரவள்ளி, புளியங்கொட்டை ஆகியவற்றின் மாவில் ஏதேனும் ஒன்றைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். கைத்தறித் துணியில் அது அப்படியே இருக்கும். ஈரம் படும்போது புளித்து நாறும். வெதுவெதுப்பான நீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கி, நீர் வெண்ணிறம் மாறித் தெளியும்வரை அலசினால் போதும். ஓரிரவு ஊறவைத்தால் கஞ்சி வாளியிலேயே புளித்து வாடை கூடிவிடும். இங்கே மட்டும் நேரம் குறைவாக இருக்கட்டும்.

கந்தகச் சாயம் இட்ட கறுப்பு, கருநீலத் துணிகளில் அழுகிய முட்டை நாற்றம் வரும். சோடியம் சல்பைடு கொண்டு கரைத்து ஏற்றிய சாயத்தைச் சரிவர அலசாமலும் காற்றேற்றாமலும் விட்டதன் விளைவு அது. சோப்பு நீரில் துவைப்பது, பிழிந்து காற்றில் முழுக்கக் காயவிடுவது என்று மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டும். இந்தத் துணிக்கு வினிகர் கூடவே கூடாது, அமிலம் பட்டால் நாற்றம் பலமடங்காகும். வாடை போகுமுன் சரிகைச் சேலைக்குப் பக்கத்தில் அடுக்கவும் வேண்டாம். கந்தக ஆவி வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைக்கும்.

பூசண வாடை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வரும் துணிக்கட்டுகளில் மிகுதி. வீட்டுக்குள் உதறாமல் வெளியில் கொண்டுபோய் உதறுங்கள், துகள்கள் மூச்சில் போனால் ஆஸ்துமா உள்ளவர்கள் துன்பப்படுவார்கள். பிறகு வெயிலில் இருபுறமும் காயவைத்து, பருத்தியானால் கை பொறுக்கும் வெந்நீரில் சோப்புத்தூளும், பத்து லிட்டருக்கு நூறு கிராம் சமையல் சோடாவும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைக்கலாம். பிளீச்சிங் பவுடரை வெள்ளைப் பருத்தியில் மட்டும், அதுவும் பிசின் ஏற்றாத துணியில் மட்டும் பயன்படுத்துங்கள். சுருங்காத துணி அதனால் மஞ்சளாகும். பிளீச்சிங் பவுடரும் வினிகரும் ஒரே வாளியில், அடுத்தடுத்த நீரில்கூட, ஒருபோதும் சேரக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு எழும். அதேபோல வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் காணப்படுகின்றன. அது ஆபத்தில்லை, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்து நுரைத்து அடங்கிப் பயனற்ற நீராகிவிடும்.

கலம்காரியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாய் வாங்குவோர் அதைத்தான் மிகுதியாகக் கெடுக்கிறார்கள். ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தியில் கையால் வரையும் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு, வரையும் கோடு பரவாமல் தடுக்கிறது. கறுப்பு மையோ வெல்லத்தோடு இரும்புத் துண்டுகளைப் பல நாள் ஊறவைத்து நொதிக்கச் செய்து பெறுவது. ஆகவே புதுக் கலம்காரியில் புளித்த பாலும் இரும்பும் கலந்த ஒரு வாடை இருப்பது இயல்பு, அது குறையன்று. அதற்கு வினிகர் ஊற்றினால் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து உண்டான கறுப்பு கரைந்து மங்கும். சோடா போட்டால் சிவப்பின் சாயல் மாறும். நிழலில் இரண்டு நாள் காற்று, பிறகு குளிர்ந்த நல்ல நீரில் பத்து நிமிடம் வீதம் இரண்டு அலசல், வேண்டுமானால் சிறிது பூந்திக்கொட்டை நீர்: இதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள். எஞ்சும் மெல்லிய வாடை சில மாதங்களில் தானே அடங்கும்.

பட்டும் கம்பளியும் விலங்கிழைகள். காரம் அவற்றை அரிக்கும் என்பதால் சமையல் சோடா, சலவைச் சோடா, சாதாரணச் சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். புதுப் பட்டுச் சேலையை நனைக்காமல் நிழலில் நாலைந்து நாள் விரித்து, மடிப்பை மாற்றி மாற்றிப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

காயவைத்தலும் மறுசோதனையும்

எந்த முறையைக் கையாண்டாலும் கடைசியில் துணி முழுக்கக் காய வேண்டும். நன்றாகத் துவைத்த துணியும் ஆறேழு மணி நேரம் ஈரமாகக் கிடந்தால் புதிதாக ஒரு முடைநாற்றத்தைப் பெற்றுக்கொள்ளும். பிறகு பழைய வாடையா புதியதா என்று பிரித்தறிய முடியாது. மழை நாளில் நீளத் துணியைத் துவைக்கத் தொடங்காதீர்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை இந்தக் கட்டத்தில் சேர்க்கவே வேண்டாம், அது இழைமேல் ஒரு படலமாகப் படிந்து உள்ளே எஞ்சியதை வெளிவிடாமல் பிடித்து வைக்கும்.

காய்ந்த துணியிலிருந்து மீண்டும் ஒரு துண்டை வெட்டிப் புட்டியில் இட்டு ஓரிரவு வைத்து முகருங்கள். வாடை இல்லையென்றால் வெட்டித் தைக்கலாம். பருத்தி சுருங்கவேண்டிய அளவும் இதற்குள் சுருங்கியிருக்கும், பிறகு ரவிக்கை இறுகிப்போகும் தொல்லையும் வராது. உள்துணியையும் சேலை ஃபாலையும் மறந்துவிடாதீர்கள். மேல்துணியை இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்துவிட்டு, வாடை அடிக்கும் மலிவான உள்துணியை அதனோடு சேர்த்துத் தைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தோலில் நேரே படுவது அதுதான்.

மூன்று முறை செய்தும் புட்டியில் அதே வீச்சம் வந்தால், அந்தத் துணி பட்டறையிலேயே முடிக்கப்படாமல் வந்தது என்று கொள்ளலாம். வெட்டாத துணியாக இருந்தால் ரசீதையும் புட்டியில் இட்ட துண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போங்கள். வாயால் சொல்லும்போது மறுப்பவர்கள்கூட, புட்டியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தால் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.